ஐந்துக்கு ஐந்து நெருக்கம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. 'கைப்பேசியை ஒளிவுமறைவின்றிப் பகிரும் தம்பதியரிடையே நெருக்கம் அதிகம்' என்று ஓர் ஆராய்ச்சி அறிக்கையில் ஒரு வரி. [அறிக்கை என் கட்டுக்கதை. கோபம் மட்டும் அசல்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை தூறிய ஒரு மாலையில் அவள் மெல்ல

வேண்டாம். மழை எதற்கு? கேள்வித்தாளோடு மூன்று மாடி ஏறுகிறவளுக்கு முட்டிவலி போதும்.

2

அவள் ஒரு மனவியல் ஆய்வுக்கூடத்தில் கேள்விக்காரி. [பதவிப் பெயர் 'கள ஆய்வாளர்'. தெருவில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.] காதல், கலவி, கைப்பேசி மூன்றையும் சேர்த்து நாற்பத்திரண்டு கேள்விகள். புருஷன் இல்லாத நேரம் பார்த்துப் பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். இருபதாவது கேள்வி: 'உங்கள் இருவருக்கும் இடையே நெருக்கம் எவ்வளவு? ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள்.'

மூன்றாம் மாடித் தையல்காரி மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"அஞ்சு போட்டுக்கோங்கக்கா. ரொம்ப நெருக்கம். மூச்சு விட இடமில்ல."

கேள்விக்காரி ஐந்தை எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நான் அன்பா இருக்கீங்களான்னு கேக்கறேம்மா."

"அன்பா? நெருக்கம்னுதானே கேட்டீங்க! எனக்கு வர்ற ஃபோனெல்லாம் அவருக்குப் போற மாதிரி மாத்தி வச்சிருக்காரு. படுக்கையிலகூட முதல்ல என் ஃபோனைத்தான் தடவிப் பாப்பாரு, அப்புறந்தான் என்னை."

அதற்குக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை.

3

பேராசிரியரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. எழுந்து நின்று நாற்காலி தருகிறார், டீ சொல்கிறார். வேற்றுமொழிக் கேள்வித்தாளில் இருந்த சொல்லுக்கு 'நெருக்கம்' என்று தமிழ் போட்டவரும் அவர்தான்.

"சார், இது அந்த நெருக்கம் இல்ல. பஸ்ல நிக்கறோமே, அந்த நெருக்கம்."

"அஞ்சுன்னு அவங்கதானே சொன்னாங்க? நம்ம இஷ்டத்துக்குத் திருத்தினா அது ஆராய்ச்சியாம்மா? பதிவான நம்பர்ல கூப்பிடுங்க. அவங்க வாயால சொல்லட்டும், மாத்திடலாம்."

"அந்த நம்பர் அவர்கிட்டதான் சார் போகும்."

"நடைமுறை அதுதானேம்மா."

[கதாசிரியர் நடுநிலை வகிக்க வேண்டுமாம். வேறு யாராவது வகிக்கட்டும். எனக்கு ரத்தம் கொதிக்கிறது.]

ஏன் கொதிக்கிறது என்றால், அடுத்த வாரம் இந்தத் தம்பதிகளுக்கு ஆய்வுக்கூடமே ஆலோசனை சொல்லப்போகிறது. ஐந்து வாங்கியவர்களுக்கான அட்டை அச்சாகி வந்துவிட்டது: 'வாழ்த்துகள், இப்படியே தொடருங்கள்.' அதை அந்தப் புருஷன் சுவரில் மாட்டுவான். இனி அவள் வாய் திறந்தால், படித்தவர்களே சொல்லிவிட்டார்கள் என்று அட்டையைக் காட்டுவான்.

4

கேள்விக்காரி தெரிந்தே கூப்பிட்டாள். ஆண் குரல்.

"சொல்லுங்க."

"வீட்ல அவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும் சார்."

"எங்கிட்டயே கேளுங்க மேடம். எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கிடையாது."

அவள் எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

5

முடிவு ஒன்று: பேராசிரியர் மனம் மாறி அட்டைகளைக் கிழித்து

நடக்கிற காரியமா?

முடிவு இரண்டு: தையல்காரி துணிப்பையோடு படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல், அம்மா வீட்டுக்கு

நிறுத்து. அவளுக்குப் போக விருப்பமா? நான் கேட்கவே இல்லையே! பேராசிரியர் அவளுக்காகப் பதில் சொன்னார், புருஷன் சொன்னான், இப்போது போகிற போக்கில் நானும் சொல்லக் கிளம்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே இவ்வளவுதான் எழுதுவேன். மறுநாள் கேள்விக்காரி இருபதாவது கேள்வியை அடித்தாள். பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதினாள்: 'இப்படி இருக்கறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா? என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?' நடைமுறைப்படி இதற்கே வேலை போகலாம். போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

கதவைத் திறக்கப்போவது யார் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவளாக இருந்தால், வாசகரே, தயவுசெய்து அவள் சொல்லி முடிக்கும்வரை நீங்களாவது வாயை மூடிக்கொண்டு இருங்கள்.