பெரியம்மான்னு கூப்பிடு

பெரியவள் ஓட்டலின் சலவைப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தாள். தரைத்தளத்துக்கும் கீழே ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். மறுபுறம் அது அப்பளமாக வந்து விழும். கொஞ்சம் அசந்தால் விரல் நுனி வெந்துவிடும். அந்த வேலை அவளுக்குக் கொடுத்த ஒரே நல்லது, காப்பீட்டு அட்டை. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் செலவு கம்பெனியுடையது. கணவன், பிள்ளை இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து. அவளுக்கு அப்படி யாரும் இல்லை. கூடப் பிறந்தவளைக் கம்பெனி குடும்பத்தில் சேர்க்கவில்லை.

அந்தக் கூடப் பிறந்தவள், இரண்டு வயது இளையவள், மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து வீடு துடைத்தாள். புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். எட்டு வயதில் ஒரு மகள். மூவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

சின்னவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து போய்க்கொண்டிருந்தது. இலவச மருத்துவமனை டாக்டர் அழுத்திப் பார்த்து, பித்தப்பையில் கல் என்றும், எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியில் அட்டை கேட்டார்கள். ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டைக்கு விண்ணப்பித்தால், வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம்.

முதல் வீட்டம்மா, "நீ இங்க ரெண்டு மணி நேரம்தானே வேலை பார்க்கிற? அடுத்த வீட்ல கேளேன்" என்றாள். அடுத்த வீட்டம்மாவும் அதையே சொன்னாள். மூன்றாவது வீட்டம்மா கணவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கணவர் பயணத்தில் இருந்தார். எப்போதும் பயணத்தில்தான் இருந்தார்.

"மூணு வீடு தேய்ச்சும் நான் எங்கேயும் வேலை செய்யலையாம்க்கா" என்று சின்னவள் சிரித்தாள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். சிரித்தால் முகம் முழுக்கப் பல்லாகத் தெரியும். பிறகு, துணி மடித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உன் அட்டையைக் கொடேன். நம்ம ரெண்டு பேரையும் அம்மாவே மாத்தி மாத்திக் கூப்பிடுவா. அந்த போட்டோவைப் பார்த்து எவனுக்குத் தெரியப்போகுது?"

பெரியவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "பிடிபட்டா என் வேலையே போயிடும்டி. அப்புறம் மூணு பேரும் தெருவுலதான். கொஞ்சம் பொறு, பார்ப்போம்."

"சரி விடு. கல்லுதானே, மலையா?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வலி வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெரியவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு மதியம் இரண்டாவது வீட்டம்மா போன் செய்தாள். சின்னவள் சமையலறைத் தரையில் சுருண்டு கிடக்கிறாளாம், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறதாம், கண் மஞ்சளாக இருக்கிறதாம். பெரியவள் பிடித்திருந்த விரிப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். போகிற போக்கில், வேலையிடத்தில் துணிமணி வைக்கும் தன் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டாள்.

வாடகைக் காரில் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். "இனிமே நீதான் நான். பேர் கேட்டா என் பேரைச் சொல்லு. வாயை ரொம்பத் திறக்காதே, பல்லு காட்டிக் கொடுத்துடும்."

"இந்த வலியில சிரிக்கவா போறேன்?" என்றாள் சின்னவள்.

காப்பீட்டுப் பிரிவில் இருந்த எழுத்தர் அட்டையைப் பார்த்தார், தள்ளுவண்டியில் கிடந்தவளைப் பார்த்தார். "ரொம்ப மெலிஞ்சிட்டாங்களே" என்றவர், பெரியவளிடம் திரும்பினார். "நீங்க யாரும்மா?"

"தங்கச்சி" என்றாள் பெரியவள். தங்கை பிறந்ததிலிருந்து அக்காவாகவே இருந்தவள், தன்னைத் தங்கச்சி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மருந்து ஏறிய முதல் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கியது. சின்னவளுக்குப் பழைய வாய் திரும்பியது. நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே, "ஏய் தங்கச்சி, காலை அமுக்கி விடு. அக்கா சொன்னா கேக்கமாட்டியா?" என்பாள். நர்ஸ் போனதும், "முப்பத்தாறு வருஷம் என்னை அதட்டினியே. இப்ப என் முறை" என்பாள். பெரியவள் கிள்ளுவது போல் கையைக் கொண்டுபோய், தடவிவிட்டு எடுப்பாள்.

குழந்தையை அழைத்து வர வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்காரவைத்துப் பெரியவள் சொன்னாள். "உள்ளே போனதும் அம்மாவைப் பெரியம்மான்னு கூப்பிடணும். என்ன?"

"ஏன்?"

"அப்படிக் கூப்பிட்டாத்தான் மருந்து கொடுப்பாங்க. பத்து நாள்தான் கண்ணு."

"அப்ப உங்களை?"

"அம்மான்னு கூப்பிடு."

குழந்தை எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். உள்ளே போய் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போல், "பெரியம்மா, வலிக்குதா?" என்றாள். சின்னவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பெரியவளை மட்டும் குழந்தை எப்படியும் கூப்பிடவில்லை. தேவைப்பட்டால் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

நான்காம் நாள் காய்ச்சல் மறுபடி ஏறியதும் வயிற்றைத் திறந்தார்கள். அறுவை முடிந்து வந்த பெண் டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சொன்னார். "பித்தப்பை அழுகி உள்ளே உடைஞ்சிருக்கு. சீழ் ரத்தத்துல கலந்துடுச்சு. மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா சின்ன ஆபரேஷன், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிருப்பாங்க." பிறகு உண்மையாகவே புரியாமல் கேட்டார். "அட்டைதான் இருக்கே. ஏம்மா இவ்ளோ நாள் வீட்ல வச்சிருந்தீங்க?"

பெரியவள் டாக்டரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் சின்னவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. குழந்தை கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். சின்னவள் அக்காவின் கையை இழுத்துக் காதருகே சொன்னாள். "ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடச் சொல்லுக்கா."

பக்கத்தில் நர்ஸ் ஊசி மருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்க போகட்டும்டி" என்றாள் பெரியவள். அந்த நர்ஸ் சட்டென்று போகவில்லை. அவள் போனபோது இன்னொருத்தி வந்தாள். பார்வை நேரம் முடிந்ததென்று காவலாளி குழந்தையையும் பெரியவளையும் வெளியே அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை அவர்கள் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரையை விலக்கிய நர்ஸ் பெரியவளின் தோளைத் தொட்டு, "உங்க அக்கா போயிட்டாங்கம்மா" என்றாள்.

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை அவளைத் தாண்டி ஓடிக் கட்டிலில் ஏறினாள். அம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். "பெரியம்மா! பெரியம்மா, எந்திரி! பெரியம்மா!"

சொல்லிக் கொடுத்ததைக் குழந்தை தப்பாமல் சொன்னாள். நர்ஸ் கேட்கிறாள், எழுத்தர் கேட்கிறார் என்ற பயத்தோடு சொன்னாள். பெரியவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அம்மான்னு கூப்பிடு கண்ணு. அவ உன் அம்மா. அம்மான்னே கூப்பிடு" என்று கத்தினாள். நர்ஸ் பக்கம் திரும்பினாள். "இவ என் தங்கச்சி. அட்டை என்னோடது. அந்தப் பேர்க்காரி நான்தான்."

அரைமணி நேரம் கழித்து எழுத்தர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"ஏம்மா சொன்னீங்க? நான் அன்னைக்கே போட்டோவைப் பார்த்தேன். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். வாயை மூடிட்டு இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"எப்படி முடிஞ்சிருக்கும் சார்? செத்தது நான்னு எழுதியிருப்பீங்க. அவ எங்கே போனான்னு அந்தப் பிள்ளை கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "இனி இது என் கையில இல்லம்மா" என்றார்.

சின்னவளை அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். இரண்டாவது வீட்டம்மா மட்டும் வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். அடுத்த வாரம் ஓட்டலில் பெரியவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். போலீசுக்குப் போகாமல் விட்டதையே பெரிய உபகாரமாகச் சொன்னார்கள். அட்டை ரத்தானது. ஆஸ்பத்திரிச் செலவு அவள் தலையில் விழுந்தது, தவணை தவணையாகக் கட்டச் சொன்னார்கள். அவள் உண்மையைச் சொல்வதற்கு முன்பே அட்டையில் இருந்த பெயரில் பதிவாகிவிட்ட மரணச் சான்றிதழைத் திருத்த நாலு மாதம் அலைந்தாள். செத்தவளாகப் பதிவான அவளே வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுத்ததைப் பார்த்து, ஒரு கவுண்டரில் சிரிக்கக்கூடச் சிரித்தார்கள். கடைசியில் தங்கையின் பெயரோடு சான்றிதழ் வந்தது. அதை மடிக்காமல் இரண்டு நோட்டு அட்டைக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பிறகு ஒரு தொழிற்சாலை உணவகத்தில் தட்டு கழுவும் வேலை கிடைத்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் காப்பீடு என்ற பேச்சே கிடையாது.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு வயிற்று வலியாம். பெரியவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சோப்பு நுரைக் கையோடு ஓடினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எட்டு வயதுக் குழந்தை என்பதையும் பார்க்காமல், இலவச மருத்துவமனை வரைக்கும் மூச்சிரைக்க நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள்.

டாக்டர் வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "ஒண்ணுமில்லம்மா. பூச்சி இருக்கும், ஒரு மாத்திரை போதும். இதுக்கா இப்படி ஓடி வந்தீங்க?"

"ஒண்ணுமில்லையா?" என்று கேட்டாள் பெரியவள். "நல்லாப் பார்த்தீங்களா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

வெளியே வந்து மருந்துக் கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை செத்த அன்றும், அடக்கம் செய்த அன்றும் வராத அழுகை அங்கே வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். குழந்தை மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.