கறுப்பு வளையம்

என் தங்கையின் கணவரை வாய் நிறைய மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவருக்கு நான் வைத்திருந்த பெயர் கம்பி மன்னன். மொட்டைமாடியில் ஈரத்துணி போட ஒரு கொடி கட்டித்தர அவருக்கு நேரம் கிடைத்ததே இல்லை. அவருடைய ஹாம் ரேடியோவுக்கான ஏரியல் கம்பி மட்டும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் விறைப்பாக நிற்கும். அதன் நடுவிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, தங்கை படுத்திருந்த அறையின் ஜன்னலை உரசிக்கொண்டு, பின்னறைக்குள் நுழையும். தங்கையைப் பார்த்துக்கொள்ள நான் தையல் மிஷினோடு வந்து இறங்கிய அன்றே அந்த ஒயர் தடுக்கி விழுந்தேன்.

தங்கைக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ராவும் பகலும் ஓடும். அது ஓடினால் ரேடியோவில் ரம்பம் போட்டு மரம் அறுப்பதுபோல ஓர் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயோதான் எங்கள் தம்பியின் குரல் கிடந்தது.

தம்பிக்கு நடுக்கடல் தீவொன்றில், வானிலை நிலையத்தில் வேலை. அங்கே செல்போன் எடுக்காது. நிலையத்துப் போனை உயிர் போகிற அவசரத்துக்குத்தான் தொடவிடுவார்கள். அதனால் சாயங்காலம் டீ குடித்த கையோடு மாப்பிள்ளை பின்னறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். அவன் அங்கே ஒரு ரேடியோ முன்னால் உட்காருவான். போன் மாதிரி இரண்டு பேரும் அதிலேயே பேசிக்கொள்வார்கள். தங்கை கேட்கட்டும் என்று அவள் தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் வைத்திருந்தார். அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை அவன். அவன் குரல் காதில் விழுந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் இரைச்சல் பட்டென்று நின்று, தம்பியின் குரல் பளிச்சென்று வந்தது. எட்டிப் பார்த்தால், தங்கை மிஷினை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"கொன்னுடுவேன்டி உன்னை!" என்று கத்தினேன். படுக்கையில் கிடக்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? என் வாய் அப்படி.

டாக்டரம்மா வந்து எல்லோருக்கும் சேர்த்துத் திட்டினார். "அஞ்சு நிமிஷம்னாலும் நிறுத்தக் கூடாது. இதயம் தாங்காது." சிலிண்டர் ஒன்று இருந்தது. கரண்ட் போனால் வேண்டுமே என்று அதைத் தொடாமல் பொத்தி வைத்திருந்தோம்.

அன்றைக்கு மாப்பிள்ளை சாப்பிடவில்லை. கையைப் பிசைந்துகொண்டே இருந்தவர், "மிஷினை நிறுத்த முடியாது. சத்தத்தை நிறுத்தலாம் அண்ணி. ஒரு பாலுன் செஞ்சு வைக்கணும்" என்றார்.

"அப்படின்னா?"

"மேல கம்பியில வர்றது மட்டும்தான் ரேடியோவுக்குள்ள போகணும். ஆனா இறங்கி வர்ற ஒயரோட மேல்தோலும் சும்மா இருக்கறதில்ல. மிஷின் சத்தத்தை வாங்கிக் குடுத்துடுது. கம்பியும் ஒயரும் சேர்ற எடத்துல, ஒரு வளையத்துல செப்புக்கம்பியைச் சுத்தி நடுவுல மாட்டிட்டா அந்த வழி அடைபட்டுடும்."

அதற்குக் கறுப்பு வளையம் வேண்டுமாம், ஃபெரைட் என்றார். ஆர்டர் போட்டார். தபாலில் வர நாளாகும் என்றதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பரணிலிருந்த பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு வளையத்தை எடுத்தார். "இது இரும்புத்தூள்ல செஞ்சது. சரிப்படுமான்னு தெரியல. போட்டுத்தான் பாப்போமே" என்றார். அவர் சுற்றிய லட்சணத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "தள்ளுங்க மாப்பிள்ளை. பாபின்ல நூல் சுத்தற கை இது" என்று நானே வாங்கி, இரட்டைக் கம்பியை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கிச் சுற்றிக் கொடுத்தேன். ஒரு சோப்பு டப்பாவுக்குள் அதை வைத்து மாடியில் மாட்டினார்.

சாயங்காலம் ரேடியோவைப் போட்டதும் அதே ரம்பம். "போச்சு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஒயரின் முனையைப் பிடித்து இன்னும் ஒரு திருகு திருகினார். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் நின்றது. தம்பி பக்கத்து வீட்டில் இருந்து பேசுவதுபோலப் பேசினான். மாப்பிள்ளை சின்னப்பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். முதலில் கொஞ்சம் இரையும், பிறகு ஓய்ந்துவிடும். "சூடாகணும் அண்ணி" என்பார். நான் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போனால் அவள் விரட்டுவாள். "நீ அங்கயே போய்க் கேளுக்கா. நீ மூக்கைச் சிந்தற சிந்தல்ல எனக்கு அவன் பேசறது ஒண்ணும் கேக்கல." மகாராணி உத்தரவு என்று நானும் பின்னறைக்கே போய்விடுவேன். பேச்சு முடிந்து திரும்பி வந்தால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவள் வேர்த்து விறுவிறுத்து, அடித்துப்போட்டதுபோலக் கிடப்பாள். பாசத்தில் அழுது களைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

கறுப்பு வளையம் ஒரு மதியம் தபாலில் வந்தது. மாப்பிள்ளை உறையைக் காதோரம் ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அதை வச்சுப் பாருங்களேன்" என்றாள் தங்கை.

"எதுக்கு? மஞ்சளே ஜோரா வேலை செய்யுதே."

"காசு போட்டு வாங்கினது. வச்சுத்தான் பாருங்களேன்."

"நல்லா ஓடறதைப் போய் நோண்டக் கூடாதும்மா" என்று மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் நிறையச் சிரித்தாள். அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவளும் வெகுநாளாகப் பார்த்திருக்கமாட்டாள்.

ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். இதயம் களைத்துவிட்டது என்றார் டாக்டரம்மா.

எல்லாம் முடிந்து, வாடகை மிஷினை எடுத்துப்போக ஆள் வந்தான். மாப்பிள்ளை பின்னறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு, தம்பி வரும் நேரத்துக்காகக் காத்திருந்தார். தலைமாட்டு ஸ்பீக்கரைக் கழற்ற எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

"ஓடுதான்னு பாத்துட்டு எடுத்துக்கறேம்மா" என்று அவன் சுவிட்சைப் போட்டான்.

ஸ்பீக்கரில் ரம்பம் அறுக்கத் தொடங்கியது. சூடாகட்டும் என்று நான் நின்றேன். ஓயவில்லை. பின்னறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை வாசற்படியில் நின்று மிஷினைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். தலையணையில் இருந்து கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது சுவிட்ச்.

"நிறுத்துங்க" என்றார். அவன் நிறுத்தினான். அறை அமைதியானது. "திரும்பப் போடுங்க." ரம்பம்.

"அண்ணி, அந்த மஞ்சள் வளையம் வேலையே செய்யல. ஒருநாள்கூடச் செய்யல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். பாவி, தினமும் மிஷினை அணைத்து எங்களை ஏமாற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

மிஷினை மறுநாள் எடுத்துக்கொள்ளும்படி அவனை அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை இழுப்பறையைத் திறந்தார். உறையைக் கிழிக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கிழித்து, வளையத்தில் கம்பியைச் சுற்றினேன். அவர் மாடிக்குப் போய் மாட்டிவிட்டு வந்து, காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மிஷினை ஓடவிட்டார்.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கரில் ரம்பம் இல்லை.

"மாமா, இருக்கீங்களா? பெரியக்கா பக்கத்துல இருக்காளா?" தம்பியின் குரல் துல்லியமாக வந்தது. அவன் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது.

மாப்பிள்ளை பதில் சொல்ல எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, காற்று வந்துகொண்டிருந்த குழாயின் முனையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வச்சுப் பாருங்களேன்னு ஒரு தடவை சொன்னா அண்ணி" என்றார்.

இரண்டு தடவை சொன்னாள். நான் அதை அவரிடம் சொல்லவில்லை.