சம்மதம் சொன்ன சுண்ணாம்புக்கல்

மண் பரிசோதனைக்கூட உதவியாளரின் கணவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஹால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுச் சுண்ணாம்புக்கல்லாகிவிட்டார். முழங்கால் வரை ஆறு வருடம் முன்பே இறுகியிருந்ததால் யாரும் பெரிதாகத் திடுக்கிடவில்லை. கிணற்றுத் தண்ணீர் அப்படி. வெந்நீர்ப் பாத்திரத்தில் விரல் கனத்துக்கு வெள்ளை படியும். வடிகட்டி வாங்கலாம் என்றால் "வேணாம்" என்பார். அந்த மனுஷர் வாயில் வந்ததே அந்த ஒரு வார்த்தைதான். பெயின்ட் வேணாம், புது ஜன்னல் வேணாம், மகள் ஆசைப்பட்ட லாரி ஓட்டுநர் வேணவே வேணாம்.

மனைவி அழுதார், மூக்கைச் சிந்தினார், பிறகு வேலைப்புத்தி எட்டிப் பார்த்தது. மண்ணில் ஒரு சொட்டு ஆசிட் விட்டு, நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு என்று எழுதுவது அவர் தொழில். கணவரின் முழங்காலில் ஒரு சொட்டு விட்டுக் கேட்டார்: "என்னங்க, வடிகட்டி வாங்கிடட்டுமா?" பொசுபொசுவென்று நுரைத்தது. எதைக் கேட்டாலும் சுண்ணாம்புக்கல் நுரைக்கத்தான் செய்யும் என்பது ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தாலும் 'சம்மதம்' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். இரண்டே வருடத்தில் வடிகட்டி, பச்சைப் பெயின்ட், நாற்காலியை ஒட்டிப் புது ஜன்னல் எல்லாம் வந்தன. "கல்லானப்புறம்தான் மனுஷனா ஆனாரு" என்று மச்சினி மெச்சிக்கொண்டாள்.

கடைசியில் மகள் வந்து நின்றாள். "அப்பா, நான் அவரைக் கட்டிக்கிட்டுப் போகட்டுமா?" சொட்டு விழுந்தது, வழிந்தது, தரையில் சிந்தியது. தரைகூட நுரைத்தது, முழங்கால் நுரைக்கவில்லை. குப்பியை மாற்றி ஒன்பது சொட்டு விட்டும் ஊஹூம். அப்பா ஒத்துக்கொள்ளாமல் போகமாட்டேன் என்று நாலு வருடமாகச் சொல்லிவந்தவள், முகம் செத்துப்போய் உட்கார்ந்தாள்.

"கல்லாகியும் அந்தப் பிடிவாதம் போகலையா உங்களுக்கு?" என்று கத்திய மனைவி, குப்பியை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, அவ இல்லாம இருக்க முடியாதா?"

ஆசிட்டே விடவில்லை. முழங்காலில் தொடங்கிக் கழுத்து வரை நுரைத்தார். மகள் அந்தக் குளிர்ந்த தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கல்யாணம் முடிந்து லாரி ஓட்டுநர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட்டார்.

அவர் ஓட்டுவது குவாரியிலிருந்து சிமென்ட் ஆலைக்கு. பகலெல்லாம் சுண்ணாம்புக்கல் சுமந்து வருகிறவருக்கு, மழை வந்தால் வீட்டிலும் அதே வேலைதான். மழைத்தண்ணீர் பட்டால் மாமனார் கரைவார். ஜன்னலோரத்திலிருந்து நகர்த்த வேண்டும். "நகத்தட்டுமா மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கைவைப்பார். மாமனார் கொஞ்சம் யோசித்துத்தான் நுரைக்கிறார்.