இல்லாத கிளப்பின் கொடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதைக்கு நான் மூளையைக் கசக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஒரு கொடியைக் கருக்கினார், எனக்குக் கதை கிடைத்தது.

அத்தானுக்குப் பாய்மரப் படகு கிளப்பில் பராமரிப்பு வேலை. வேறு கிளப் ஆட்கள் படகில் வந்தால் தங்கள் முக்கோணக் கொடியைக் கொடுத்து, இங்குள்ளதை வாங்கிப் போவார்கள். அப்படிச் சேர்ந்தவை நூற்றுப் பன்னிரண்டு, கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு தொங்குகின்றன. ஒன்பது வருஷத்துக்கு முன் அவற்றை இஸ்திரி போடும்போது போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் ஒரு கொடி புகைந்துகொண்டிருந்தது. எந்தக் கிளப்புடையது என்றுகூட நினைவில்லை. வீட்டில் மிச்சமிருந்த மஞ்சள் திரைச்சீலையை வெட்டி, நடுவில் ஊதா மீன் ஒன்றைத் தைத்து, கமுக்கமாக ஆணியில் மாட்டிவிட்டார்.

(மீன் என்பது அவர் கட்சி. அக்காவுக்கு அது கத்தரிக்காய்.)

2

ஆரம்பத்தை இப்படி எழுதினேன்: ‘தூரத்தில் வெள்ளைப் பாய் தெரிந்த அந்த இனிய மாலையில், பதினெட்டு நாள் கடலில் தனியாக வந்த தேவதைபோல் ஒரு பெண்’—

அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “பதினெட்டு நாள் கடல்ல கெடந்தவ தேவதை மாதிரியா இருப்பா? தலை கயிறு மாதிரி இருக்கும். மொதல்ல அவளக் குளிக்க விடுடா.”

அங்கேதான் சிக்கல். கிழிந்த பாயோடு வந்தவளுக்குக் குளிக்கவும் படகைக் கட்டவும் இடம் வேண்டும். கொடி மாற்றிக்கொண்ட கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அது உண்டு.

“எந்த கிளப்மா?” என்றார் செயலாளர்.

அவள் எந்தக் கிளப்பிலும் இல்லை. சுவரை ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். “அந்த மஞ்சள் கொடிங்க.”*

அத்தான் கையிலிருந்த வாளி தடாலென்று விழுந்தது.

* நம்ப முடியவில்லையா? மற்ற நூற்றுப் பதினொன்றிலும் கிளப் பெயர் தைத்திருக்கிறது. பொய் சொல்ல வசதியான கொடி அது ஒன்றுதான்.

3

செயலாளரை வில்லனாக்கிவிடலாம் என்று நினைத்தேன். ‘ஈவிரக்கமற்ற அந்த’— ம்ஹூம். மனிதர் பல் டாக்டர்; சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு கொடியையும் பெயர் சொல்லி, மஞ்சளை மட்டும் பெயர் தெரியாமல், தூசி தட்டுகிறவர். வில்லனாக வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்.

“ஒம்பது வருஷமா இந்தக் கொடிக்காரங்க ஒருத்தராவது வரமாட்டாங்களான்னு பாத்துட்டே இருந்தேம்மா” என்றார். கண் கலங்கியிருந்தது. “ஒரே ஒரு சந்தேகம். அதுல இருக்கறது என்னது? இவர் மீனுங்கறார்” என்று அத்தானைக் காட்டினார்.

அவள் உற்றுப் பார்த்தாள். “கத்தரிக்காய்ங்க.”

மீன்தான் என்று அத்தான் அடித்துச் சொன்னால் அவள் கிழிந்த பாயோடு திரும்பவும் கடலுக்குப் போக வேண்டும். தைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டால் அவர் வேலை போய்விடும். கத்தரிக்காய் என்றாலோ ஒன்பது வருஷமாக அக்காவிடம் போட்ட சண்டை வீணாகிவிடும். எனக்கே பாவமாக இருந்தது.

“கத்தரிக்காய்தான் சார். எனக்கு எப்படித் தெரியும்னா... நானும் அந்த கிளப் மெம்பர்தான்.”

(இந்த வரியை நான் எழுதவில்லை. சத்தியமாக அவராகவே உளறினார்.)

4

செயலாளர் துள்ளிக் குதிக்காத குறை. பெரிய பதிவேட்டைப் பிரித்தார். “சட்டப்படி கிளப்புன்னா மூணு பேராவது வேணும். மூணாவது ஆள் கையெழுத்துப் போட்டுட்டா இவங்களுக்கு ரூம் தெறந்து விட்டுடலாம். யாரு அது?”

முடிவு அ: உண்மை வெளிவருகிறது, எல்லோரும்— முடியாது. நாளைக்கு அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பது?

முடிவு ஆ: நானே கையெழுத்துப் போடுகிறேன். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். “நீங்க இவர் மச்சினன். கதை வேற எழுதறீங்க. செல்லாது.”

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அத்தானுக்குச் சட்டை நனைந்துவிட்டது. கூடத்தில் வேறு யாரும் இல்லை, உங்களைத் தவிர. ஆமாம், உங்களைத்தான், பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். செயலாளர் பேனாவை உங்கள் பக்கம் நீட்டிவிட்டார். கேட்டால் கத்தரிக்காய் என்று சொல்லுங்கள், போதும்.

1. அத்தான் (வியர்வையில் மை கலைந்திருக்கிறது)
2. அவள் (தாளில் உப்பு ஒட்டியிருக்கிறது)
3. ....................................