கோட்டுக்கு இரண்டு விரல் முன்னால்

வேலை மேசையில் படுத்திருந்த இரண்டு புது ஸ்கீகளின், பனிச்சறுக்குப் பலகைகளின், மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஆல்பெர்ட் உரித்தபோது, சிவகுருநாதனுக்குப் பல் கூசியது. ஜெர்மனியில் கெம்ப்டன் நகரத்துக்கு வெளியே, பால் லொறிகள் போய்வரும் வீதியோரத்தில் இருந்த சின்னக் கடை அது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பட்டறை. மெழுகு உருகும் மணமும் ஈரக் கம்பளி மணமும் கலந்து கிடந்தன. ஆல்பெர்ட் காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து, ஸ்கீயின் நடுவில் கம்பெனி போட்டிருந்த சிறிய கோட்டைக் காட்டினான். சிவகுருநாதனின் மனைவி யோகம் கொண்டுவந்திருந்த பனிச்சறுக்குச் சப்பாத்தைக் கவிழ்த்து அதன் பக்கவாட்டில் இருந்த கோட்டையும் காட்டினான். இந்த இரண்டு கோடும் நேருக்கு நேர் வர வேண்டும். வந்த இடத்தில் துளை போட்டு, சப்பாத்தைக் கவ்விப் பிடிக்கும் பின்டுங்கைப் பூட்டிவிடுவான்.

"துளை போட்டால் போட்டதுதான்," என்றான் ஜெர்மனில். "பிறகு வந்து தள்ளிப் பூட்டச் சொன்னால் பலகையின் உயிர் போய்விடும். இடது பக்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். செயற்கைப் பாதம் கணுக்காலில் மடியாது, பாரம் குதிக்காலுக்கு ஓடிவிடும். அதைக் கொஞ்சம் முன்தள்ளிப் பூட்டுவோம். வலதுக்குக் கம்பெனிக் கோடே போதும். இரண்டுக்கும்தானே?"

யோகம் ஸ்கீயின் மேல் உள்ளங்கையை வைத்து நுனியிலிருந்து வால்வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள்.

ஆல்பெர்ட் 'செயற்கைப் பாதம்' என்று சொன்ன சத்தம் சிவகுருநாதனுக்குத் தேவைக்கு அதிகமாகக் கேட்டது. முன்பக்கம் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஒரு கிழவரும் அவருடைய நாயும்தான்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் விழுந்த குண்டொன்றில் யோகத்தின் இடதுகால் முழங்காலுக்குக் கீழே போனது. மூன்று வருடம் கழித்து அவளை, ஜெர்மனிக்கு வந்துவிட்டிருந்த சிவகுருநாதனுக்குப் பேசினார்கள். அவளுடைய தமையன் எதையும் மறைக்காமல் எழுதினான். சிவகுருநாதன் சம்மதம் என்று பதில் போட்டார். ஏன் சம்மதித்தார் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. அவருக்கு அவளைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் பிராங்க்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி வருவதற்காகக் காத்து நின்ற நேரத்தில் அவர் அவளிடம் முதல்முதலாகச் சொன்ன விசயம், "இஞ்ச ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை" என்பது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னார். இன்றுவரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கே போனாலும் அவளுடைய இடப்பக்கமாகவே நடந்தார், சாய்ந்து நடப்பது தெரியாதபடிக்கு. கலியாண வீடுகளுக்கு எல்லாருக்கும் முன்னதாகப் போய் அவளைச் சுவரோரக் கதிரையில் இருத்தினார். மண்டபம் காலியான பிறகு எழுப்பிக் கூட்டிவந்தார். கேட்டவர்களுக்கு முழங்கால் நோ என்றார். முழங்கால் நோவுக்கு, பால்கட்டித் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் இராசலிங்கத்தின் மனைவி கலாதேவி காய்ச்சிக்கொடுத்த எண்ணெய்ப் போத்தல்கள் குளியலறை அலுமாரியில் வரிசையாக நின்றன. இரவில் யோகம் விளக்கை அணைத்த பிறகுதான் காலைக் கழற்றுவாள். இருட்டில் பட்டி அவிழும் சத்தம் கேட்கும். பிறகு சுவரில் ஏதோ மெல்லச் சாய்க்கப்படும் சத்தம். அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்திருப்பார். பன்னிரண்டு வருடமாக அது மரியாதை என்று இருவருமே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செயற்கைக் கால் செய்யும் இடத்தில் யோகம் ரெனாற்ற என்ற பெண்ணைச் சந்தித்தாள். ரெனாற்ற தொடையோடு ஒரு காலை இழந்தவள், மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவள். கால் கை இழந்தவர்களுக்கான பனிச்சறுக்குக் கழகத்துக்கு யோகத்தை இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். இரண்டு குளிர்காலமாக யோகம் போய்வந்தாள். சிவகுருநாதன் காரில் கொண்டுபோய் விடுவார். அவள் திரும்பி வரும்வரைக்கும் காரின் சூடாக்கியைப் போட்டுவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். கன்னம் சிவந்து, தலைமயிரில் பனி ஒட்டி, அவள் வரும்போது "எப்பிடி?" என்று கேட்பார். "நல்லது" என்பாள். அதற்குமேல் இருவரும் பேசியதில்லை.

ஆல்பெர்ட் பொறுமையாக நின்றான். முன்பக்கத்துக் கிழவர் கூப்பிடவே, "யோசித்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"ரெண்டுக்கும் பூட்டச் சொல்லும்," என்றார் சிவகுருநாதன். ஆல்பெர்ட்டுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"ஒண்டுக்குத்தான் பூட்டப்போறன்."

"ஒண்டுக்கெண்டா?"

"காலைக் கழட்டிப்போட்டு ஒற்றை ஸ்கீயில போறது. ரெனாற்ற போற மாதிரி. போன வருசத்தில இருந்து நான் அப்பிடித்தான் போறன்."

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சூடேறியது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும், அவர் காருக்குள் செய்தி கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவள் அந்த மலையில் ஒரு காலோடு, எல்லாரும் பார்க்க.

"எங்கட சனம் பிள்ளையளைச் சறுக்குவண்டி விடக் கூட்டிக்கொண்டு வாற மலை அது. தெரியுந்தானே? இராசலிங்கம் ஆக்கள் ஒவ்வொரு ஞாயிறும் வருகினம்."

"தெரியும்."

"ரெண்டு காலோடயும் உமக்குப் போக ஏலுந்தானே? ஆல்பெர்ட் சொன்னவன்தானே, இடதை முன்னுக்குத் தள்ளிப் பூட்டலாமெண்டு."

யோகம் ஸ்கீயிலிருந்து கையை எடுத்தாள். "ஏலும். விழாம வருவன். ஆனா வழி முழுக்க இடக்காலைத்தான் பாத்துக்கொண்டு வருவன். அது எங்க நிக்குது, திரும்புதா, சனத்துக்கு விளங்குதா எண்டு. கீழ வந்து சேர்ந்தாப்பிறகுதான் மலையைப் பாக்காமலே வந்திட்டன் எண்டு விளங்கும். ஒண்டில போகேக்க அப்பிடியில்லை."

"சனம் பாக்கும், யோகம்."

"சனம் பாக்கிறது இருக்கட்டும்." அவள் அவரை நேரே பார்த்தாள். "நீங்கள் ஒருநாளாவது காரை விட்டு இறங்கிப் பாத்தனீங்களே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்கும் ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவர் மேசை விளிம்பில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

ஆல்பெர்ட் திரும்பி வந்தான். யோகம் அவனோடு பேசிய ஜெர்மன் சிவகுருநாதனுக்குப் புதிதாக இருந்தது. டொக்டரிடமும் மகளுடைய பள்ளிக்கூடத்திலும் தயங்கித் தயங்கிப் பேசுகிறவள், இங்கே விளிம்பு, நுனி, திருப்பம், சரிவு என்று தடையில்லாமல் சொன்னாள். சில சொற்கள் அவருக்கே தெரியவில்லை. கழகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பின்டுங் பூட்டிய ஸ்கீ ஒன்று இருந்ததாம். போன குளிர்காலம் முழுக்க அதில் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தாளாம். கம்பெனிக் கோட்டில் நின்றால் இடப்பக்கம் திரும்பும்போது நுனி பிடிவாதம் பிடிக்கிறது. பின்னால் போனால் தொடை எரிகிறது. கோட்டுக்கு இரண்டு விரல் முன்னால் நின்றால்தான் தான் நினைக்க முன்னமே ஸ்கீ திரும்புகிறது.

ஆல்பெர்ட் தலையைச் சொறிந்தான். "அவ்வளவு முன்னால் போனால், ஆழமான புதுப்பனியில் நுனி புதைந்து குப்புற விழுவீர்கள்."

"விழுந்திருக்கிறேன்," என்றாள் யோகம்.

அவன் சிரித்தான். இரண்டு ஸ்கீயில் எதை என்று கேட்டான். இடது வலது வித்தியாசம் கிடையாது, மற்றதைப் பத்திரமாக வைத்திருந்தால் இதன் விளிம்பு தேய்ந்த பிறகு உதவும் என்றான். யோகம் ஒன்றை எடுத்தாள். ஆல்பெர்ட் நீட்டிய பென்சிலை வாங்கி, கம்பெனிக் கோட்டின்மேல் இரண்டு விரலை ஒட்டிவைத்து, அதற்கு முன்னால் தன் கையாலேயே ஒரு கோடு கீறினாள். அளவுச் சட்டத்தை அதன்மேல் பொருத்திவிட்டு ஆல்பெர்ட் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு, வழக்கத்தாலோ என்னவோ, சிவகுருநாதனுடைய முகத்தையும் பார்த்தான்.

சிவகுருநாதன் கையிலிருந்த உறைச் சுருளைக் குப்பைக்கூடைக்குள் போட்டார். துளைக்கருவி உறுமியது. வெள்ளையும் மஞ்சளுமாகச் சீவல்கள் சுருண்டு எழுந்து மேசையில் விழுந்தன. யோகம் குனிந்து அவற்றை ஊதிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் துளையில்லாத ஸ்கீயை அவர் நிலவறைக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தார். சாய்த்தபோது எழுந்தது இரவில் அவர் கேட்டுப் பழகிய அதே சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மிதுஷா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். கழகத்து ஆட்களுக்கும் அன்று வேறெங்கோ பயணம். புது ஸ்கீயோடு பழகிக்கொள்ள யோகம் தனியாகப் போவதென்று முடிவு. சிவகுருநாதன் வழக்கம்போலக் காரை நிறுத்தினார். சூடாக்கியை நிறுத்தினார். கார்த் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். யோகம் திரும்பிப் பார்த்தாள். ஸ்கீயை அவர் தோளில் வைத்துக்கொண்டார். அடியில் குட்டி ஸ்கீ பூட்டிய இரண்டு ஊன்றுகோல்களையும் மற்றக் கையில் எடுத்தார்.

ஆட்களை மலைக்கு இழுத்தேற்றும் லிஃப்டுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு மரவாங்கு இருந்தது. வழக்கமாகச் செயற்கைக் காலைக் கழகத்து வாகனத்தில் வைத்துவிட்டு ஏறுவாளாம். இன்றைக்கு வாகனம் இல்லை. யோகம் வாங்கில் உட்கார்ந்து, காற்சட்டையைச் சுருட்டி, பட்டியை அவிழ்த்தாள். அவர் தன்னையறியாமல் முகத்தைத் திருப்பப் போனார். திருப்பவில்லை. அவ்வளவுதான் அது. தழும்பு ஓடிய, கட்டையான, குளிரில் மயிர்க்கூச்செறிந்த ஒரு முழங்கால். இருட்டில் பன்னிரண்டு வருடம் அவர் கற்பனை செய்து பயந்திருந்தது இதைவிடப் பெரிய ஏதோவொன்றை. அவள் கம்பளியுறையை இழுத்து மாட்டினாள், காற்சட்டையை மடித்து ஊசி குத்தினாள், கழற்றிய காலை எடுத்து அவருடைய கையில் கொடுத்தாள்.

"குளிர் பிடிக்காமப் பாத்துக்கொள்ளுங்கோ. பேந்து போடேக்க ஐஸ் மாதிரி இருக்கும்."

அவர் நினைத்திருந்ததைவிடப் பாரமாக இருந்தது. போன மாதம் அவர் வாங்கிக்கொடுத்த மண்ணிறச் சப்பாத்து அதில் மாட்டியிருந்தது. மேல்விளிம்பில் இன்னும் அவளுடைய உடம்புச் சூடு. அதிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து குளிர்காற்றில் கலைந்தது.

லிஃப்டின் இழுகம்பியைப் பிடிக்கும்போது முதல் தரம் தடுமாறிப் பக்கவாட்டில் விழுந்தாள். அவர் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி ஓடினார். அதற்குள் அவள் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, பனியைத் தட்டி, அடுத்த கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். மேலே பாதி மலையை முகில் மூடியிருந்தது. அவளுடைய நீல ஜாக்கெற் அதற்குள் போய் மறைந்தது.

அந்தக் காலைக் காரில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று அவர் நினைத்தார். காருக்குப் போனால் அவள் இறங்கி வருவதைப் பார்க்க முடியாது. தன் மேலங்கியின் பித்தானைத் திறந்து, சூடு போகாமல் காலின் மேற்பக்கத்தை உள்ளே வைத்து அணைத்துக்கொண்டார். சப்பாத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சிவகுரண்ணை!"

இராசலிங்கமும் கலாதேவியும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் பின்னால் பனியை உருட்டி எறிந்துகொண்டு வந்தார்கள்.

"என்னண்ணை, அதிசயமா இஞ்சால?" என்று கேட்டவருடைய பார்வை கீழே இறங்கிச் சப்பாத்தில் நின்றது. "இதென்ன?"

சிவகுருநாதனுக்குச் சொல்வதற்கு ஏதேதோ இருந்தன. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவை தாமாகவே நாக்கு நுனிவரைக்கும் வந்தன.

"யோகத்தின்ர கால்," என்றார்.

கலாதேவி தலையில் கட்டியிருந்த சால்வையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் எறிவதை நிறுத்தினார்கள். இராசலிங்கம் காலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... முழங்கால் நோ எண்டது?"

"நோ எனக்குத்தான்," என்றார் சிவகுருநாதன். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "அவ மேல போயிட்டா."

கலாதேவியின் கண் நிறைந்திருந்தது. அது இரக்கமா கோபமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "நான் எத்தினை போத்தல் எண்ணெய் காய்ச்சித் தந்தனான் அண்ணை," என்றாள் மெதுவாக. அவள் போய்விடவில்லை. பக்கத்தில் வந்து நின்று, அவர் பார்த்த திசையில் தானும் பார்த்தாள்.

முகில் இன்னும் கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொருவராக அதைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன், பிறகு ஒரு தாயும் பிள்ளையும், பிறகு நெடுநேரம் யாருமில்லை. புதுப்பனி விழத் தொடங்கியது. நுனி புதையும் என்று ஆல்பெர்ட் சொன்னது ஞாபகம் வந்து அவர் முகிலின் விளிம்பையே உற்றுப் பார்த்தார்.

அப்போது மேலே, வலது ஓரத்தில், நீலமாக ஏதோ அசைந்தது. இரண்டு கைகளும் அகல விரிந்திருந்தன. நடுவில் ஒரே ஒரு கால். அது இடப்பக்கம் வளைந்தது, வலப்பக்கம் வளைந்தது, அவர் நினைத்தே பார்த்திராத வேகத்தில் வந்தது. பாதிச் சரிவில் சட்டென்று வேகம் குறைந்தது. அவள் தலையைத் திருப்பித் திருப்பிக் கீழே தேடினாள். பனித்தூறலில் வாங்கும் தெரியவில்லை, ஆட்களும் தெரியவில்லை போலும். பார்வை கார் நிற்கும் பக்கமாகப் போனது.

"இஞ்ச, யோகம்! இஞ்ச நிக்கிறன்!"

காற்று அவருடைய குரலைப் பின்னால் தள்ளியது. கை காட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை. மேலங்கிக்குள் இருந்ததை உருவி, இரண்டு கையாலும் தலைக்குமேல் உயர்த்தி, மண்ணிறச் சப்பாத்து வானத்தைப் பார்த்திருக்க, அங்குமிங்குமாக ஆட்டத் தொடங்கினார்.