தேலியோ சேர்த்த பாயிண்டுகள்

"அப்பா இங்க பக்கத்துலதான் இருக்காரு," என்றாள் ஜோசலின் போனில், ஓட்டல் கம்பெனிப் பெண்ணிடம். பொய் இல்லை. நாலடி தள்ளி, கண்ணாடி மூடிய சவப்பெட்டியில், கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையில் தேலியோ படுத்திருந்தார்.

"அவர்கிட்ட போனைக் குடுங்க மேடம். கணக்கு அவர் பேர்ல இருக்கு. அவர் சொன்னாத்தான் பாயிண்டை வச்சு ரூம் போட முடியும்."

"தூங்குறாரு."

பெலன் அத்தை கைக்குட்டைக்குள் மூக்கைச் சிந்துவதுபோல் சிரித்தாள். செத்துப்போனவர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். மூன்று நாளாக அழுதவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தன.

ஜோசலினுக்குச் சிரிப்பு வரவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டால் பாயிண்டும் அவரோடு போய்விடும், ஓட்டல் விதி அப்படி. ஆஸ்பத்திரிகளுக்கு டயாலிசிஸ் மிஷின் விற்க, முழங்கால் வலியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாக அலைந்து, அந்தக் கம்பெனியின் ஓட்டல் ஓட்டலாகப் படுத்தெழுந்து, ராத்திரிக்கு இவ்வளவு என்று அவர் சேர்த்த பாயிண்டு. என்றைக்காவது உன்னை ராணி மாதிரி தங்க வைக்கிறேன் என்று அம்மா நெனித்தாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் வேலையாக இந்த ராக்ஸாஸ் நகரத்துக்கு வந்த இடத்தில் நெஞ்சு வலித்து, வீடு திரும்பாமலே போய்விட்டார். அவருடைய அப்பா அம்மாவின் கல்லறை இங்கேதான் என்பதால் அடக்கமும் இங்கேதான். அம்மாவுக்கு அந்த ஒரு ராத்திரியாவது கிடைக்க வேண்டும் என்று ஜோசலினுக்குப் பிடிவாதம்.

பின்னால் பெண்கள் ஜெபத்தைத் தொடங்கினார்கள். போனிலும் அது கேட்டது. அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த பெண் ஊர்ப் பாஷைக்கு இறங்கி, குரலையும் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, அது செத்தவங்களுக்குச் சொல்ற ஜெபம்தானே?"

ஜோசலின் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு மத்தியானத்துக்கு ஒரு ரூம் போட்டுட்டேன்."

அடக்கம் முடிந்து வேனில் ஏறியதும் அத்தை சொன்னாள். "அண்ணி, கல்லறையிலிருந்து நேரா வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில எங்கயாவது இறங்கி, ஒட்டிக்கிட்டு வர்ற ஆவிய உதறிட்டுத்தான் போகணும். இல்லன்னா அண்ணன் கூடவே வந்துருவாரு. ஊர்ல எல்லாரும் டோனட் கடையில உதறுறாங்க. நமக்கு ஏசி ரூம்."

அம்மா சரி என்று தலையாட்டினாள். ஓட்டல் வாசலில் வேன் கதவைத் திறந்த காவலாளி ஜோசலினையே பார்த்தான்.

"தேலியோ சார் பொண்ணா? மூக்கு அப்படியே இருக்கு." கறுப்பு உடைகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "தங்கமான மனுஷன் மேடம். அவர் எப்பவும் தங்குற ரூமைத்தான் உங்களுக்கு எடுத்து வச்சிருக்காங்க. இங்க வந்தா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வாரு."

நல்ல மனதோடுதான் சொன்னான். படியில் வைத்திருந்த காலை அம்மா உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நான் இறங்கல."

"அம்மா, எவ்வளவு கஷ்டப்பட்டு..."

"நான் இங்க இறங்கினா அவரும் இறங்கிடுவாரு. பழகின இடம். அப்புறம் கிளம்ப மாட்டாரு."

"நேராப் போனா வீட்டுக்கே வந்துருவாரு அண்ணி," என்று அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வரட்டும்."

அத்தை வேனைப் பார்த்தாள், ஓட்டலைப் பார்த்தாள். "பாயிண்டு வீணாகக் கூடாதில்ல," என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஜோசலினுக்கு அம்மாமேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது.

மூன்று மணி நேர வழியில் அம்மா எங்கும் நிறுத்த விடவில்லை. பஸ்ஸி ஊர் தாண்டும்போது ஜோசலின் அவசரமாக ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றாள்.

"அடக்கிக்கோ," என்றாள் அம்மா. "அவர இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டு வழியில விட முடியாது."

இலொய்லோவில் வீட்டு வாசலுக்கு வேன் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா இறங்கி ஓரமாக நின்றாள். பின்னால் குதித்திறங்கிய ஜோசலின் வேன் கதவை இழுத்துச் சாத்தப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"இரு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இஞ்சினை நிறுத்தினார். உள்ளே காலி சீட்டில் சாரல் அடித்தது. முழங்கால் வலிக்கிற ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, அம்மாவே கதவைச் சாத்தினாள்.