கருப்பட்டிக் களி

என் கைக்குத் தீய வைக்கணும். வேற என்னத்தச் சொல்ல?

பெரியத்தானுக்கு, அதான் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சங்கரபாண்டிக்கு, மஞ்சக்காமாலை முத்தி ஈரலே கெட்டுப்போச்சு. வேற ஈரல் வச்சாத்தான் உசுருன்னு மதுரை ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவ. தன் ஈரல்ல பாதியக் கொடுக்க அவரு பெண்டாட்டி சண்முகசுந்தரி அக்கா முன்வந்தா, ரத்தம் சேரல. தறி ஓட்டுத எங்க வீட்டுக்காரருக்குச் சேர்ந்துச்சு. "எங்க அண்ணனுக்கு இல்லாததா?"ன்னு, சட்டையக் கழட்டிக் கொடுக்க மாதிரி இவரு தலையாட்டிட்டாரு.

டாக்டர் பொறுமையாத்தான் சொன்னாரு. "அந்தக் காலத்துல ஈரல்ல கத்தி வைக்கவே பயப்படுவாங்கம்மா. ரத்தம் நிக்காது, டேபிள்லயே உயிர் போயிரும். இப்ப உள்ள ஓடுற ரத்தக்குழாய் ஒவ்வொண்ணையும் ஸ்கேன்ல பாத்துட்டுத்தான் பாதிய வெட்டி எடுக்கிறோம். மிச்சம் ரெண்டு மூணு மாசத்துல வளர்ந்துரும்." என் காதுல டேபிள்லயே உயிர் போயிரும்ங்கதுதான் நின்னுச்சு. வளரும்னு சொன்னது ஏறவே இல்ல.

"உங்க வீட்டுக்காரர் ஈரல்ல கொஞ்சம் கொழுப்பு இருக்கு. எண்ணெய், இனிப்பு கூடாது. உடம்பக் குறைச்சுட்டு அடுத்த மாசம் வாங்க"ன்னாரு. அப்பவே எம் புத்தி கோணிப்போச்சு.

எங்க ஊரு சங்கரன்கோவிலுக்கு வந்த மறுநாளே உளுந்தங்களி கிண்டுனேன். கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் தாராளமா.

"ஏட்டி, இனிப்பு கூடாதுன்னாருல்லா?"ன்னாரு இவரு.

"கருப்பட்டி என்ன சீனியா? மருந்துல்லா! சமைஞ்ச பிள்ளைக்கு எதுக்குக் கொடுக்காவ, இடுப்புக்குப் பலம்னுதானே? கத்தியத் தாங்க உடம்புல தெம்பு வேண்டாமா?"

நம்பித் தின்னாரு மனுசன், தினமும். கருப்பட்டி தீரத் தீர அக்காதான் கடை கடையா ஏறி வாங்கிட்டு வந்தா. "எம் புருசனுக்காக இந்தப் பாடு படுதியே மக்கா"ன்னு எங்கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அப்பவும் நிறுத்தல பாத்துக்கோங்க.

இன்னைக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தாவ. கொழுப்பு கூடிப்போச்சு. என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர் கேட்டாரு. இவரு வெள்ளந்தியா, களின்னாரு.

"இவர்கிட்ட எடுக்க முடியாது. இவருக்குக் குறையற வரைக்கும் அண்ணன் தாங்க மாட்டாரு. மூளைச்சாவு ஆனவங்க ஈரலுக்குப் பதிஞ்சு வைங்க. கிடைக்குமான்னு சொல்ல முடியாது"ன்னுட்டாரு டாக்டர். இவரு குலுங்கிக் குலுங்கி அழுதுக்கிட்டே கீழ இறங்கிப் போயிட்டாரு.

வராண்டாவுல அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. "பாவி, நாந்தானே கருப்பட்டிய வாங்கி வாங்கிக் கொடுத்தேன்! எம் புருசன நானே கொன்னுட்டேனே!"

என்னால பாக்க முடியல. ஓடிப்போய் அவ கையப் பிடிச்சேன். "அக்கா, நீ இல்ல. நாந்தான். கொழுப்பு ஏறட்டும்னு தெரிஞ்சேதான் கொடுத்தேன். இவரு டேபிள்லயே போயிருவாரோன்னு பயந்துட்டேன்க்கா."

கத்துவான்னு நெனச்சேன். கத்தல. எங்கைய மெதுவா எடுத்து விட்டா.

"அவரு கண்ண மூடுனா ஊரே வரும். நீயும் வருவ. வந்து எங்கழுத்தக் கட்டிக்கிட்டு மட்டும் அழுதிராத, என்ன?"

முந்தியில மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு, பெரியத்தான் படுத்திருக்க வார்டுக்குள்ள போனா.